இருபது நிமிட இருட்டு

மே 4
தூக்கம் ஏழரை மணி நேரம். மனசு சாதாரணம்.

இந்த இரண்டு விவரத்தை மட்டும் தினமும் எழுதி வரச் சொல்லித்தான் டாக்டர் பிரசில்லா நோட்டுக் கொடுத்தார். நாளுக்கு ஒரு வரி போதுமாம். என்னைப் பற்றி அவருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. துளசிமணி ஒரு வரியோடு நிறுத்திய பேச்சு இந்தப் பல்லடம் வட்டாரத்திலேயே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பது நாள் தூங்காமல், தெருவிலிருந்த நாய்களுக்கெல்லாம் மஞ்சள் பூசிப் பெயர் வைத்தேன். பத்தாவது நாள் என் வீட்டுக்காரர் குழந்தைவேல் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அப்புறம் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஏற்றமும் இறக்கமுமாக வருகிற மனநோய், லித்தியம் மாத்திரையை விடாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். போடுகிறேன். போன மாதம் இரண்டை மூன்றாக்கினார். வேலை செய்கிற இடத்தில் தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தைராய்டைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

என் வேலை கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் முட்டை பார்ப்பது. மெஷின் சூட்டில் பன்னிரண்டு நாள் இருந்த முட்டைகளை இருட்டு அறையில், அடியில் விளக்கு எரியும் மேஜைமேல் தட்டுத்தட்டாக வைப்போம். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்பு பின்னிக் கிடக்கும். கூமுட்டை ஒன்றுமில்லாமல் பளிச்சென்று இருக்கும். பாதியில் செத்த முட்டையில் மெல்லிசாக ஒரு இரத்த வளையம் மட்டும் தெரியும். கூமுட்டையை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். வளையத்தைப் பிடிக்கிற கண் எனக்கும் மகுடீஸ்வரிக்கும்தான் என்று ஆறு வருடமாகப் பெயர்.

இன்று வெயிலிலிருந்து உள்ளே போனதும் முதல் மூன்று தட்டில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. எல்லா முட்டையும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருக்கிறது, அதுதான் காரணம்.

மே 7
தூக்கம் ஏழு. மனசு எரிச்சல். இன்று ஐந்து தட்டு வரை ஒன்றும் பிடிபடவில்லை.

மே 10
தூக்கம் ஏழு. மனசு எரிச்சல்தான், வேறென்ன?

நான் தட்டை வைத்துக்கொண்டு முழிப்பதை மகுடீஸ்வரி முந்தாநாளே பார்த்துவிட்டாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறோம், மறைக்க முடியுமா?

"ஏனுங்கக்கா, கண்ணு மசமசன்னு இருக்குதுங்களா? மாலைக்கண்ணா இருக்கப் போவுது. முருங்கக்கீர ஆஞ்சு தாரேன், நெய்யில வதக்கிச் சாப்புடுங்க."

கொண்டு வந்தும் கொடுத்தாள், ஒரு பை நிறைய. நேற்றும் கீரை, இன்றும் கீரை. "நாமென்ன ஆடா புள்ள?" என்கிறார் வீட்டுக்காரர்.

மத்தியானம் மேனேஜர் சுந்தரவடிவேல் என் தட்டு ஒன்றை இன்னொருத்தியிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். நான் விட்ட வளையம் நாலு கிடைத்தது. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா பேக்கிங்குக்கு அனுப்பிருவேன் துளசி" என்றார். பேக்கிங் என்பது பொரித்த குஞ்சை எண்ணி அட்டைப் பெட்டியில் போடுகிற கூடம். நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை. ஆறு வருடக் கண்ணை வைத்துக்கொண்டு நான் குஞ்சு எண்ணவா?

மே 13
தூக்கம் ஏழு. மனசு தெளிவு.

மூன்று மாத்திரை ஆனதிலிருந்துதான் கண் இப்படி. யோசித்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். இன்றிலிருந்து இரண்டு. டாக்டரைக் கேட்கலாம்தான். கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொல்லப் போகிறவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

மே 18
தூக்கம் ஆறு. மனசு நன்று. மாத்திரை ஒன்று.

மே 22
தூக்கம் நாலரை. மனசு அருமை.

மாத்திரை இல்லை. கண்ணுக்காகத்தான் நிறுத்தினேன். வேறு எதற்காகவும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். "போட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிற அளவுக்கு அவர் போலீஸ் இல்லை.

கண்ணைப் பற்றி என்னவென்று எழுத! உள்ளே நுழைந்த மறு நிமிடமே வளையம் தெரிகிறது. மற்றவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் எனக்கு மூன்று. மேனேஜர் அறிவிப்புப் பலகையில் என் பெயரைச் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டார். மகுடீஸ்வரிக்கு முருங்கைக்கீரையின் மேல் பெருமையான பெருமை.

மே 27
தூக்கம் மூன்று. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

விடியும் முன்பே எழுந்து வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் புளி போட்டு விளக்கினேன். நேரம் மிச்சமிருந்ததால் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தையும் கேட்டு வாங்கி விளக்கினேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நன்றி கெட்டவள். டியூப் லைட்டைப் போடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன், வெளிச்சம் பல் வரைக்கும் கூசுகிறது. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினேன். இவ்வளவு வெளிச்சத்தில் ஊர் எப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறதோ.

ஜூன் 1
இன்று ஒன்று புரிந்தது, எழுதாமல் விடக் கூடாது, செத்த முட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது, வளையத்தை உற்றுப் பார்த்தால் அதற்குள் நரம்பு ஓடுகிறது, அவ்வளவு மெல்லிசு, என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மெல்லிசு, ஆறு வருடமாக எத்தனை உயிரைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன், இனி மாட்டேன், காலையிலிருந்து ஒரு முட்டைகூட எடுக்கவில்லை, இருபத்திரண்டு தட்டு, "அக்கா, ஒன்னுகூடவா எடுக்கல?" என்று மகுடீஸ்வரி கேட்டாள், "உனக்குக் கண்ணு பத்தாது கண்ணு" என்றேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், அவள் சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்தது யார் என்று எழுதுகிற தட்டுச் சீட்டில் எனக்குப் பதிலாக அவள்தான் கையெழுத்துப் போட்டாள், என் கை ஓரிடத்தில் நின்றால்தானே கையெழுத்துப் போட.

ஜூன் 2
தூக்கம் எதற்கு?

ஜூன் 10
தூக்கம் ஒன்பது. மனசு கல்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று வந்தேன். நடந்ததை முழுதாக எழுத மாட்டேன். அரிசி டப்பாவில் நான் போட்டு வைத்திருந்த மாத்திரைகளை வீட்டுக்காரர் கண்டுபிடித்தார், நான் அவரைக் கடித்தேன், அவ்வளவு போதும். கையில் கட்டோடுதான் ஆஸ்பத்திரியில் எனக்குச் சாப்பாடு ஊட்டினார். "எம்மேல கோவம்னா என்னையக் கடி. மாத்திரமேல காட்டாத புள்ள" என்றார். அதைக் கேட்டு அழுதேன். இதை எழுதும்போதும்.

டாக்டர் பிரசில்லா இந்த நோட்டை மே மாதத்திலிருந்து புரட்டினார். ஏழரை, ஏழு, ஆறு, நாலரை, மூன்று என்று விரலை வைத்துக்கொண்டே போனார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கண்ணுல இப்படி இருக்குன்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மாத்திரைய நிறுத்துவீங்களா?"

"நிறுத்தமாட்டேன். ஆனா நம்பியிருப்பேன்."

லித்தியம் சிலருக்குக் கண்ணின் வெளிச்ச உணர்வைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். இந்த நோய் உள்ள சிலருக்கு மற்றவர்களைவிட வெளிச்சம் அதிகம் உறைக்குமாம். மாத்திரை அதை அடக்கும்போது, இருட்டுக்குக் கண் பழக நேரம் ஆகலாமாம். எல்லோருக்கும் அப்படி இல்லை, எனக்கு அதுதானா என்று அடித்துச் சொல்லவும் முடியாது என்றார். இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். கண் டாக்டரும் பார்த்துக் கண்ணில் கோளாறு இல்லை என்றார்.

"பார்வை போகலம்மா. வர்றதுக்கு லேட் ஆகுது. எவ்வளவு லேட்டுன்னு உங்களுக்குத்தான் தெரியும், அளந்து பாருங்க" என்றார்.

ஜூன் 12
தூக்கம் எட்டரை. மனசு செத்துவிட்டது.

டைபாய்டு என்று சொல்லி லீவு எடுத்திருந்தேன். இன்று போனால் மேஜைக்கு எதிரில் மகுடீஸ்வரி இல்லை. அவளை ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்களாம். குஞ்சு பொரிக்கும் அறைக்கு மாற்றிய தட்டுகளில் அழுகிய முட்டைகள் படபடவென்று வெடித்திருக்கின்றன. நாற்றம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் பொரித்த குஞ்சுகளுக்கும் தொப்புளில் சீழ் வைத்து நூற்றுக்கணக்கில் போய்விட்டன. தட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜூன் ஒன்று, இருபத்திரண்டு தட்டு, கையெழுத்து மகுடீஸ்வரி.

சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. நான், துளசிமணி. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13
தூக்கம் ஐந்து. நோயால் இல்லை, வெட்கத்தால்.

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அந்தத் தட்டெல்லாம் நான் பார்த்தது. மகுடீஸ்வரி சீட்டு மட்டுந்தான் எழுதுனா. எனக்குத் தைராய்டு இல்லீங்க, டைபாய்டும் இல்லீங்க. மனநோய்க்கு மாத்திரை சாப்புடறேன். கண்ணு மந்தமாவுதுன்னு நானா நிறுத்திப் போட்டேன். நிறுத்துனதுல புத்தி பிசகிப் போச்சு. செத்த முட்டையெல்லாம் உசுரோட இருக்கிறாப்பல தெரிஞ்சுது."

அவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். பயந்துவிட்டார் என்று தெரிந்தது. மகுடீஸ்வரியை நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். அப்புறம் குரலை இறக்கினார்.

"ஆனா துளசி, மே கடைசியில எப்படிப் பார்த்தே! போர்டுல பேரே போட்டேனில்ல? அந்த மாத்திரையச் சித்த கம்மி பண்ணிக்கிட்டீன்னா..."

"அந்த மே கடைசிதான் சார் ஜூன் ஒன்னாந்தேதியக் கொண்டுவந்து விட்டுது. அதான் இப்பக் குஞ்சு பொரிக்கிற ரூம்ல வெடிச்சு நாறுது."

"அப்ப மாத்திரையா, டேபிளா? நீயே முடிவு பண்ணிக்க."

"ரெண்டும் வேணுங் சார்."

"ரெண்டும் எப்படிம்மா?"

பேக்கிங் கூடத்துக்குப் போய்க் குஞ்சு எண்ணினேன்.

ஜூன் 15
தூக்கம் ஏழு. மனசு எரிகிறது.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி தன் டிபன் பாக்ஸை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். நான் என் பாக்ஸை அதே அளவு அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் நகர, நான் நகர, பெஞ்சு முடிந்துவிட்டது. எழுந்து போனாள். சிரித்துவிட்டு, பாதிச் சாப்பாட்டோடு என் பாக்ஸை மூடினேன்.

மகுடீஸ்வரி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

"தைராய்டுன்னு சொன்னீங்களே அக்கா. உங்களுக்குன்னு நானு கீர ஆஞ்சு குடுத்தேன்." சொல்லிவிட்டு இருட்டு அறைக்குள் போய்விட்டாள். வேலைக்கு வராதே என்று அனுப்பியதைவிட நான் பொய் சொன்னதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது.

ஜூன் 18
தூக்கம் ஏழரை. மனசு: வேலை இருக்கிறது.

அளந்து பார்த்தேன். ஒரு வெள்ளை முட்டையில், வளையத்துக்குப் பதிலாக, என் தலைமுடி ஒன்றைப் பசை வைத்து ஒட்டினேன். டார்ச் விளக்குக்கு நாலு மடிப்புத் துணி கட்டினேன். வெயிலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வீட்டுக்காரர் கடிகாரத்தோடு நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டினார். நாலாவது தட்டலுக்குத்தான் முடி தெரிந்தது. மூன்று நாளும் அதே இருபது நிமிடம். தெரிந்த பிறகு சுத்தமாகத் தெரிகிறது, பழைய கண்ணேதான்.

அப்புறம் அவரை உள்ளே உட்கார வைத்து நான் தட்டினேன். மாத்திரை எதுவும் சாப்பிடாத மனுஷனுக்கே இரண்டாவது தட்டல் வரை ஆனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 20
தூக்கம் ஏழு. மனசு நன்று. ஏழு மணி நேரம் தூங்கி வந்த நன்று.

கண் ஆபரேஷன் முகாமில் கொடுப்பார்களே, பக்கவாட்டையும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு போனால் வெயில் கண்ணைப் பிடிப்பதில்லை. கண்டக்டர், "கண்ணு ஆபரேசனுங்களா?" என்றார். "இல்லீங்க, மனநோய். ஒரு பல்லடம் குடுங்க" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

மேனேஜரிடம் போய், இருட்டில் இருபது நிமிடம் உட்காரவிட்டு என்னைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் பார்க்கலாம் என்றார். நாளைக்கும் வந்து கேட்பேன் என்றேன்.

ஜூன் 24
தூக்கம் ஆறரை. மனசு: படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் டாக்டர்.

நாலு நாள் கேட்டதில் அலுத்துப்போய் இன்று சோதனைக்கு ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். மகுடீஸ்வரி மட்டும் போகவில்லை, அவள் இடத்திலேயே இருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். படாரென்று கதவு திறந்தது. வெளி வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்து விழ, கையில் எரிகிற செல்போனோடு மேனேஜர்.

"என்ன, ஆச்சா?"

"போச்சு சார். கதவைச் சாத்துங்க. மறுபடி முதல்ல இருந்து இருபது நிமிசம்."

"வெளையாடறியா?"

"செல்லையும் அணைச்சுப் போட்டு நீங்களும் உள்ளயே உக்காருங்க. வெளிய போனா மறுபடி கதவைத் தொறப்பீங்க."

கதவைச் சாத்தினார். பிறகு ஸ்டூல் இழுபடும் ஒலி கேட்டது. உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் இருட்டில் இருந்தோம். அவர் இரண்டு தரம் பெருமூச்சு விட்டார், ஒரு தரம் மணி என்ன என்று கேட்டார். இந்த மேஜை போனால் எனக்கு வேறெதில் பெயர் இருக்கிறது? நாய்க்கு மஞ்சள் பூசியவள் என்கிற பெயர்தான் மிஞ்சும்.

நேரமானதும் மேஜை விளக்கைப் போட்டேன். நூற்றைம்பது முட்டை. அவசரப்படவில்லை. பத்தொன்பதை எடுத்து வைத்தேன். பதினொன்று கூமுட்டை, எட்டு வளையம். மேனேஜர் சொல்ல, மகுடீஸ்வரி ஒவ்வொன்றாகத் தட்டத்தில் உடைத்தாள். பதினெட்டு நான் சொன்னபடியே. தட்டில் மிச்சமிருந்ததையும் அவள் விளக்கில் பார்த்தாள், நான் விட்டது எதுவும் இல்லை. உடைத்ததில் ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. சிவப்பாக ஒரு பொட்டு துடித்துக்கொண்டிருந்துவிட்டு நின்றது. அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. "இது என் தப்பு" என்றேன்.

"ஒன்னு தப்பிருச்சே" என்றார் மேனேஜர்.

மகுடீஸ்வரி தட்டத்தைக் கீழே வைத்தாள். "தட்டுக்கு ஒன்னு ரெண்டு எனக்கும் தப்புமுங்க. உங்களுக்கு எத்தன தப்புமுன்னு பாருங்களேன் சார்."

அடுத்த தட்டை அவர் முன்னால் தள்ளினேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நரம்பைப் பார்த்தார், ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு முட்டையில் விரல் நின்றது.

"இந்த வளையம்ங்கறது... இதுவா?"

"அதேதாங் சார்" என்றேன்.

"பதினொரு வருசமா இந்த ரூமுக்கு வர்றேன். ஒருநாளும் இது எனக்குத் தெரிஞ்சதில்ல. நீங்க சொல்றீங்களேன்னு தலையாட்டிட்டுப் போவேன்."

"ரெண்டு நிமிசத்துக்கு மேல நீங்க இங்க நின்னதில்லீங்களே."

எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். மறுபடி மேனேஜராகிவிட்டார். "சரி. எட்டு மணி ஷிஃப்டுக்கு நீ ஏழு நாப்பதுக்கே வந்து உக்காந்துக்க. டேபிள் தாரேன்."

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். எதிரில் மகுடீஸ்வரி வேண்டாம், பேசாதீர்கள் என்று தலையாட்டுவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. வாய் சும்மா இருக்குமா?

"ஏழு நாப்பது என் வீட்டு நேரமுங்க. நான் எட்டுக்குத்தான் வருவேன். மெஷின் சூடாக நீங்க காத்திருக்கறதில்லையா? கண்ணும் அப்படித்தான். அந்த இருபது நிமிசமும் வேலைதான்."

"நாளைக்குப் பாக்கலாம்" என்று கதவை நோக்கிப் போனார். திறப்பதற்கு முன்னால், "கண்ண மூடிக்கங்க ரெண்டு பேரும்" என்றார்.

ஜூன் 25
தூக்கம் ஏழு.

எட்டு மணிக்குத்தான் போனேன். அறையில் முட்டை பார்க்கிற ஆறு பேரும் மேஜை விளக்கைப் போடாமல் காத்து உட்கார்ந்திருந்தார்கள். டிபன் பாக்ஸை நகர்த்தியவளும் இருந்தாள். மகுடீஸ்வரி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை, மேனேஜரும்கூட. எட்டு இருபதுக்கு முதல் தட்டை இழுத்தேன்.